கரிசலில் கடைக்கால்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் வீடு கட்டிய வரலாறு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கட்டட வரலாற்றை எழுதப் புகுவோர் கோயில்களிலும் கோட்டைகளிலும் தொடங்குவது வழக்கம். ஆயினும் இவ்வட்டாரத்தில் ஒரு சுவர் எத்தனை ஆண்டு நிற்கும், அதை எழுப்ப எவ்வளவு செலவாகும் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுபவர் முதலில் நிலத்துக்கு அடியில் பார்க்க வேண்டியிருக்கிறது. மேற்கே பச்சைமலையும் அதன் அடிவாரக் குன்றுகளும் மிகப் பழைமையான கருங்கல் பாறையால் ஆனவை. அங்கிருந்து கிழக்கே வர வர அப்பாறை கீழே அமிழ்ந்துவிட, அதன்மேல் கிரிட்டேசியஸ் எனப்படும் காலத்துக் கடல் படியவைத்த களிமண்ணும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இன்னும் கிழக்கே செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரி விளையும் செம்மண் மேடும், தெற்கெல்லையில் கொள்ளிடத்தின் மணற்படுகையும் வருகின்றன. கான்கிரீட்டுக்கு வேண்டிய ஜல்லியும் மணலும் சிமெண்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல்லும் ஒரு நாள் வண்டித் தொலைவுக்குள் அடங்கிவிடும் இத்தகைய நிலம் தமிழகத்தில் அரிது. கம்பி ஒன்றுதான் வெளியிலிருந்து வர வேண்டும். அப்படியிருந்தும் கட்டியவனைக் கோடைதோறும் கவலைக்குள்ளாக்கும் மண்ணும் இதே நிலத்தில்தான் பரந்து கிடக்கிறது.

இந்நிலத்தின் அடுக்குகளை முதலில் வரிசைப்படுத்தியவர்கள் கட்டடக் கலைஞர்கள் அல்லர். 1840களில் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் இப்பகுதியின் ஓடைகளில் பொறுக்கிய சிப்பிக் கற்களை லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்டு நிலத்தை நேரில் அளந்து 1862இல் வெளியிட்ட அறிக்கையில், ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக இவ்வடுக்குகளைப் பிரித்தார். அப்பெயர்கள் இன்றும் உலகப் புவியியல் நூல்களில் வழங்குகின்றன. சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தபோது அந்தக் கடலின் கரையோரம் எங்கே இருந்தது என்பதற்கு மேலும் ஒரு சான்று கிடைத்தது. கட்டட வரலாற்றுக்கு இவற்றுள் இரண்டு செய்திகள் போதும். ஒன்று, அரியலூருக்கு அருகிலுள்ள கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல், பெரும்பகுதி சிப்பி ஓடுகள் செறிந்த அடுக்கு. இன்றைய சிமெண்ட் மூட்டையில் இருப்பது அந்தச் சிப்பிகளின் சாம்பல் என்றால் மிகையாகாது. மற்றொன்று, காரை ஊரைச் சுற்றித் தெரியும் ஊட்டத்தூர்த் தொகுதிக் களிமண்ணில் ஜிப்சம் எனும் உப்புக்கல் பாளம் பாளமாகக் கலந்திருப்பது. சிமெண்ட் தயாரிப்பில் இறுகும் வேகத்தைக் கட்டுப்படுத்தச் சிறிதளவு ஜிப்சம் சேர்க்கிறார்கள். அதே ஜிப்சம் நிலத்தடி நீரில் கரைந்து கடைக்காலைத் தொட்டால் அதிலுள்ள சல்பேட் கான்கிரீட்டைப் பல ஆண்டுகளில் அரித்து உப்பச் செய்யும். கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் உருவச்சிலையாக அன்றி ஒரு கல்தூணாகவே வழிபடப்படுவதை இங்கே குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை; தூணைத் தெய்வமாக்கிய ஊர் தமிழகக் கட்டடங்களுக்கெல்லாம் சுண்ணாம்புக்கல் தரும் ஊராகவும் அமைந்தது தற்செயல்தான்.

கரிசல் எனப்படும் கறுப்பு மண் இக்களிமண் அடுக்குகளின் மேலும், பாறை சிதைந்த சில தாழ்நிலங்களிலும் பரவியிருக்கிறது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் ஏற்ற இம்மண் நீரை உண்டால் பருத்து உயரும். வெயிலில் காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மண்ணிலுள்ள மாண்ட்மோரில்லனைட் வகைக் களிமம் தன் மெல்லிய தகடுகளுக்கிடையே நீரை இழுத்து வைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். மழைக்கும் கோடைக்கும் இடையில் இந்த ஏற்ற இறக்கம் மேற்பரப்பில் அதிகமாகவும் ஆழத்தில் குறைவாகவும் இருக்கும்; ஏறக்குறைய மூன்றரை மீட்டருக்குக் கீழே பொதுவாக அடங்கிவிடும். ஆகவே கரிசலில் கட்டிய வீட்டின் நிலைமை, மெதுவாக மூச்சு விடும் ஒரு விலங்கின் முதுகில் பெட்டியை வைத்தது போன்றது.

பழைய குடியானவர் வீடு இந்த மூச்சுக்கு இணங்கியே அமைந்திருந்தது. வீட்டுக்கு அருகிலேயே மண் வெட்டி, நீர் விட்டு மிதித்து, வைக்கோல் கலந்து, ஒரு நாளைக்கு ஒரு படை என்ற கணக்கில் முழ உயரம் வைத்து, அது காய்ந்த பிறகே அடுத்த படையை ஏற்றுவார்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் இரண்டு படை வைத்தால் அடிச்சுவர் பிதுங்கிவிடும். கூரைக்குப் பனங்கையும் மூங்கிலும், மேய்வதற்குப் பனையோலையோ வைக்கோலோ சோளத்தட்டையோ போதும். அத்தகைய கூரையின் எடை மிகக் குறைவு. சுவர் அரை விரல் அசைந்தாலும் கூரை முறியாது. விழுந்த விரிசலைப் பொங்கலுக்கு முன் பெண்கள் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசி மூடிவிடுவார்கள். குடும்பம் பெருகினால் வீட்டின் ஒரு பக்கச் சுவரிலிருந்து கூரையைத் தாழ்வாக நீட்டிச் சாய்ப்பு இறக்குவது வழக்கம். சாய்ப்பு என்பது முதன்மைக் கூரையின் விளிம்பில் தொடங்கிக் குட்டையான தூண்களில் வந்து நிற்கும் ஒருபக்கச் சரிவுக் கூரை. இன்று வீட்டு விரிவாக்கம் எனப்படுவதன் பழைய வடிவம் இதுவே. சாய்ப்பின் தூண் தனியாக நிற்பதாலும் அதன் கூரை பழைய சுவரோடு இறுகப் பிணைக்கப்படாததாலும், வீடு ஒரு பக்கமும் சாய்ப்பு ஒரு பக்கமும் அசைந்தாலும் எதுவும் பிளப்பதில்லை. இக்கால அமைப்பியல் பொறியாளர் பழைய கட்டடத்துக்கும் புதிய கட்டடத்துக்கும் இடையில் விடச் சொல்லும் பிரிப்பு இடைவெளியை, அப்பெயர் தெரியாமலேயே அந்தச் சாய்ப்பு கடைப்பிடித்தது. அவ்வீட்டுக்குச் செலவும் பெரும்பாலும் உடலுழைப்பே. மரமும் ஓலையும் வாங்கியதுபோக மீதி வேலையை உறவுமுறையாரே மாற்றிமாற்றிச் செய்துகொண்டனர். தீயும் கரையானும் தொடர்மழையும் அவ்வீட்டின் பகைகள். அந்தப் பகைகளைச் சொல்லாமல் மண்வீட்டைப் புகழ்வது, அதில் குடியிருக்காதவர்களுக்கு எளிது.

அரசர்களின் கட்டடங்கள் வேறு கணக்கில் எழுந்தன. மேலப்பழுவூர், கீழப்பழுவூர், கீழையூர் ஆகிய ஊர்களில் குறுநில மன்னரான பழுவேட்டரையர் எடுப்பித்த கற்றளிகளும், கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலும் சோழர் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை. திருமழபாடியில் நடந்த ஒரு திருப்பணி கட்டட வரலாற்றாளர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டியது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1012–13 அளவில், அக்கோயிலின் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டபோது, சுவர்களிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுத்து வைக்கும்படியும் கட்டளையிட்டான். அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. பழைய கட்டடத்தைத் தொடுவதற்கு முன் அதில் இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற இன்றைய விதி, இவ்வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதப்பட்டிருக்கிறது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் எழுப்பிய பெருங்கோயிலின் விமானம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரம். அது நிற்கும் சமவெளியிலோ கருங்கல்லே கிடையாது. ஒவ்வொரு கல்லும் பல காத தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பதால், அக்கட்டடத்தின் செலவில் செதுக்கிய கூலிக்கு நிகராக ஏற்றுக் கூலியும் இருந்திருக்க வேண்டும். அதே நகரின் மாளிகைமேட்டில் 1980 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் வெளிப்பட்ட அரண்மனை செங்கல்லால் ஆனது. சுட்ட செங்கல் சுவர்களும், கூரைக்குப் போட்ட ஓடுகளும், அவற்றை மரச்சட்டத்தில் பிணைத்த இரும்பு ஆணிகளும் அங்கே கிடைத்தன. தெய்வத்துக்குத் தொலைவுக் கல், மன்னனுக்கு உள்ளூர் மண்ணைச் சுட்ட செங்கல் என்ற பாகுபாட்டைச் சமய மரபால் மட்டுமே விளக்கிவிட முடியாது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டல் நிலம் விரிந்த ஊரில் செங்கல்லே சிக்கனமான வழி.

கல்லின் அருமை பிற்காலத்தில் அக்கோயிலுக்கே கேடாக முடிந்தது. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியபோது, அருகில் கருங்கல் கிடைத்த ஒரே இடம் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதில்தான். அங்கிருந்து கற்கள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. ஊரார் தடுக்க முயன்றதையும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லப்பட்ட வாக்கு நிறைவேறாததையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று பதிந்திருக்கிறது. கீழணை பெரும்பரப்பு வயல்களுக்குப் பயன்பட்டது என்பதால் அச்செயலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்போர் உண்டு; ஆயினும் ஒரு கட்டுமானத்தின் மதிப்பீட்டில் கல்லின் விலை பூச்சியம் என்று காட்ட முடிந்ததற்குக் காரணம், அந்தக் கல்லுக்கு உரியவர்கள் வாய் திறக்க முடியாத நிலையில் இருந்ததே. மேற்கே நிலைமை நேர்மாறானது. பெரம்பலூருக்கு வடக்கேயுள்ள ரஞ்சன்குடிக் கோட்டை பாறைநிலத்தில், அங்கேயே வெட்டிய கற்களைக் கொண்டு எழுந்தது. 1751இல் வாலிகொண்டாப் போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதன் பக்கத்தில்தான் மோதினர்.

கோயிலுக்கும் குடிசைக்கும் இடைப்பட்ட வசதியான வீட்டை உண்டாக்கியது சுண்ணாம்பு. ஓடைகளிலும் வயல்களிலும் கிடைக்கும் சுக்கான்கல்லை, அதாவது மண்ணுக்குள் உருண்டையாகத் திரண்ட சுண்ணாம்புக் கல்லை, விறகுடன் மாற்றிமாற்றி அடுக்கிக் காளவாயில் சுடுவார்கள். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீர் தெளித்தால் கொதித்து வெடித்து நீறாகும். அந்நீற்றோடு மணல் சேர்த்து, மாடு சுற்றி இழுக்கும் கல்சக்கரத்தால் வட்டத் தொட்டியில் அரைத்துக் காரையாக்கி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்து பூசினால் சுவர் பளிங்குபோல் வழவழக்கும். மெத்தை வீடு எனப்பட்ட மாடி வீட்டின் தளம் மரக்கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அவற்றின்மேல் சிறு செங்கற்களை நிமிர்த்திச் சாய்கோணத்தில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பல நாள் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்து முடிக்கப்பட்டது. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியியல் நூல்கள் சொல்லும் முறை இதுவே. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு சீமை ஓடும் ஊர் ஊராகப் பரவியது. சுண்ணாம்புக் காரையின் வலிமை சிமெண்டுக்கு அருகில் வராது. ஆனால் அது மெதுவாக இறுகும், சிறிது அசைந்து கொடுக்கும், உண்டான நுண்விரிசலை மழைநீரில் கரைந்த தன் சுண்ணாம்பாலேயே ஓரளவு அடைத்தும் கொள்ளும். கரிசலுக்கு இதைவிட இணக்கமான பிணைப்புப் பொருள் அதன்பின் வரவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1929இல் விழுப்புரம்–திருச்சிராப்பள்ளி குறுக்கு இரயில் பாதை அரியலூர் வழியாகத் திறக்கப்பட்டதும் இந்நிலத்தின் சுண்ணாம்புக்கல் வேறொரு மதிப்பைப் பெற்றது. அடுத்த பத்தாண்டில், 1939இல், அப்பாதையை ஒட்டிய கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை எழுந்தது. 1953இல் அவ்வூர் இரயில் நிலையத்தின் பெயரை மாற்றக் கோரி நடந்த போராட்டம் அரசியல் வரலாற்றில் இடம்பெற்ற அளவுக்கு அங்கே உற்பத்தியான பொருள் வரலாற்றில் இடம்பெறவில்லை. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் பொடித்துச் சுழலும் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை வரை சுட்டால் கிளிங்கர் எனும் கரிய உருண்டைகள் கிடைக்கும். அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்ததே சிமெண்ட். காளவாயில் சுட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மெல்ல மெல்லக் கல்லாகிறது. சிமெண்டோ நீருடன் வினைபுரிந்து சில மணி நேரத்தில் இறுகத் தொடங்கி 28 நாளில் தன் குறிப்பிட்ட வலிமையை அடைகிறது. கொத்தனாரின் காலக்கணக்கே அதனால் மாறியது.

அதே பாதையில், அரியலூருக்கு அருகே, 1956 நவம்பர் 23 அன்று நேர்ந்த விபத்து கடைக்கால் பற்றிய எந்தப் பாடநூலையும்விடக் கொடுமையான பாடம். மருதையாற்று வெள்ளம் பாலத்தை ஒட்டிய மண்ணை அரித்துவிட்டிருந்த நிலையில், மதராசிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அமைச்சரின் பதவி விலகலே நாட்டின் நினைவில் நிலைத்தது. ஓடும் நீர் அடிமண்ணை வாரிக்கொண்டு போனால் மேலே உள்ள இரும்பும் கல்லும் எவ்வளவு உறுதியாயிருந்தும் பயனில்லை என்ற பொறியியல் செய்தி பின்தள்ளப்பட்டது. 

விடுதலைக்குப் பின் நெடுங்காலம் சிமெண்டின் விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. ஆலைப் புகையைப் பார்த்தபடியே வாழ்ந்த ஊரார்கூட வீட்டுக்கு நான்கு மூட்டை வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. பஞ்சத்தின் கடுமையை அறிய ஒரு செய்தி போதும்: சிமெண்ட் ஒதுக்கீட்டுக்கு ஈடாகக் கட்டுமானத்தாரிடம் நன்கொடை பெற்ற வழக்கில் மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே 1982 சனவரியில் பதவி இழந்தார். அவ்வாண்டே கட்டுப்பாடு ஓரளவு தளர்த்தப்பட்டு, 1989 மார்ச்சில் முற்றும் நீங்கியது. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் அரியலூர் ஆலை அதற்கு முன்பே, 1979இல், இயங்கத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாடு நீங்கியபின் தளவாய், ஆலத்தியூர், ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தாமரைக்குளம் என ஒன்றன்பின் ஒன்றாகத் தனியார் ஆலைகள் எழுந்தன. பழுவேட்டரையரின் ஊர்ப்பெயர்கள் சிமெண்ட் மூட்டையின் முகவரிகளாயின.

மூட்டை தாராளமாகக் கிடைத்ததும் வீட்டின் உடலே மாறியது. மண்சுவருக்குப் பதிலாகச் சிமெண்டுக் கலவையில் செங்கல் சுவரும், ஓலைக்கும் ஓட்டுக்கும் பதிலாகக் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் வந்தன. கொத்தனார், சித்தாள், பெரியாள் என்ற பழைய வேலைப்பிரிவோடு கம்பி கட்டுபவரும் சென்ட்ரிங் ஆளும் புதிதாகச் சேர்ந்தனர். இம்மாற்றத்தின் எடைக்கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். கம்பியிட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,500 கிலோ எனக் கொள்வது பொறியாளர் வழக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு 12 சென்டிமீட்டர் கனத்தில் தளம் போட்டால் அத்தளம் மட்டுமே ஏறத்தாழ 3,300 கிலோ வரும். மேலே பூச்சு, தட்டோடு, மனிதர், பொருள் எல்லாம் தனி. முன்பு சில நூறு கிலோ ஓலையைத் தாங்கிய அதே கரிசல் இப்போது அதைப் போலப் பல மடங்கைத் தாங்க வேண்டும். அதைவிடப் பெரிய இடர், புதிய பொருள் வலிமையானதாயினும் வளைந்து கொடுக்காதது என்பது. மண் மூச்சு விடுவதை நிறுத்தவில்லை. மண்சுவரும் காரையும் அதோடு சேர்ந்து அசைந்தன, சிமெண்டு அசைய மறுத்துப் பிளந்தது.

வீட்டை விரிவாக்கும்போது இந்தப் பிளவு மிகத் தெளிவாகத் தெரியும். முப்பது ஆண்டுக்கு முன் கட்டிய வீட்டின் அடிமண் அவ்வீட்டின் எடையில் ஏற்கெனவே அமுங்கி நிலைபெற்றிருக்கும்; வீட்டுக்கு அடியில் வெயிலும் மழையும் நேரே படாததால் அங்கே ஈரமும் ஓரளவு மாறாமலிருக்கும். பக்கத்தில் புதிதாக ஓர் அறை எடுத்தால், அதன் அடிமண் அப்போதுதான் அமுங்கத் தொடங்குகிறது. புதிய சுவரைப் பழைய சுவரில் பல் விட்டுப் பிணைத்து, தளத்தையும் பழைய தளத்தோடு சேர்த்துப் போட்டால், இரண்டு சுவரும் சந்திக்கும் மூலையில் சன்னலின் மேல்விளிம்பிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் முதல் கோடையிலேயே விழும். அது மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருந்தால் புதிய பகுதி வெளிப்புறமாகச் சாய்ந்து இறங்குவதாக அறியலாம். சிமெண்டுப் பாலை ஊற்றி அடைத்தால் அடுத்த கோடையில் அதன் பக்கத்திலேயே இன்னொன்று பிளக்கும். மேலே மாடி எடுப்பதிலோ வேறு வகைத் தொல்லை: பழைய கடைக்கால் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்பதற்கு எழுத்துச் சான்று பெரும்பாலான வீடுகளில் கிடையாது என்பதால், ஒரு மூலையில் குழி தோண்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இதற்குப் பொறியியல் கண்ட விடை 1947இல் ரூர்க்கியில் தொடங்கிய மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. அடியில் குமிழ் விரித்த துளைத்தூண் என்பது அதன் பெயர். மண்ணில் ஒல்லியான துளையை ஆழமாக இட்டு, அதன் அடியில் துளையின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து, கம்பியிறக்கிக் கான்கிரீட் நிரப்பினால், மேல்மண் எவ்வளவு உயர்ந்து தாழ்ந்தாலும் அடியிலுள்ள குமிழ் நங்கூரம்போல் வீட்டைப் பிடித்துக்கொள்ளும். இந்தியத் தர விதி கரிசலில் இத்தூணுக்குக் குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழம் கேட்கிறது. மண்ணின் மூச்சு அடங்கும் ஆழம் அதுவே என்பது மேலே சொல்லப்பட்டது. தூண்களின் தலைகளை இணைக்கும் பீமுக்கு அடியில் சிறு வெற்றிடம் விடவேண்டும். இல்லையேல் உப்பும் மண் பீமையே தூக்கிவிடும். சிறிய வீடுகளுக்கு இவ்வளவு செலவு கட்டாது என்று கருதும் மேஸ்திரிகள், வானம் தோண்டி, அதாவது கடைக்கால் பள்ளம் எடுத்து, கரிசலை வாரி அப்புறப்படுத்திவிட்டு ஆற்று மணலைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாக நிரப்பி அதன்மேல் கட்டுவது உண்டு. ஆழம் போதுமானதாயின் இதுவும் பயன் தருவதே.

எந்த மண்ணுக்கு எது தேவை என்பதை அறியும் சோதனை ஒன்று மிக எளியது. உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு பங்கு எடுத்து, அளவுக்கோடிட்ட 100 மில்லிலிட்டர் கண்ணாடிக் குழாய் இரண்டில் இட்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் வைத்துவிட வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது, நீரில் உப்பும். இரண்டு குழாயிலும் மண் நிற்கும் உயரத்தின் வேறுபாடு, மண்ணெண்ணெய் அளவில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டால் அது ஐம்பதைத் தாண்டும்போது அம்மண் மிகக் கடுமையாக உப்பக்கூடியது என்று பொருள். ஒரு வீட்டின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இச்சோதனையின் கட்டணம் வாசற்கதவின் பூட்டு விலைக்கு மேல் பெரிதாகப் போகாது. அதையும் மிச்சப்படுத்தும் வழக்கம்தான் எங்கும் காணப்படுகிறது.

செலவைப் பற்றிய பேச்சு இவ்வட்டாரத்தில் மூட்டை விலையிலேயே சுற்றுவது இயல்பு. ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2015 சனவரியில் தொடங்கிய அம்மா சிமெண்ட் திட்டம் மூட்டை 190 ரூபாய் விலையில், நூறு சதுர அடிக்கு 50 மூட்டை வீதம், 1,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 750 மூட்டை வரை தந்தது. அக்கணக்கில் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 500 மூட்டை. விலையில் மூட்டைக்கு நூறு ரூபாய் குறைந்தால் மொத்தத்தில் மிச்சப்படுவது 50,000 ரூபாய். ஏழைக் குடும்பத்துக்கு அது பெருந்தொகையே. வீட்டின் முழுச் செலவில் அது சிறு பங்கே. கம்பியும் கூலியும் மணலும் ஏறிய வேகத்தை மூட்டை விலை ஒருபோதும் ஈடுகட்டவில்லை. திருமானூர்ப் பக்கத்துக் கொள்ளிட மணல் இவ்வூர்க் கொத்தனாருக்குக் கூப்பிடு தொலைவில் இருந்த பொருள். 2003 அக்டோபரில் ஆற்று மணல் குவாரிகளை அரசே ஏற்றபின்னும் மணல் அருமையாகிக்கொண்டே வந்தது, ஆற்றைக் காக்க வேண்டும் என்ற குரலும் கரையோர ஊர்களில் எழுந்தது. அதன் இடத்தை இப்போது பெரம்பலூர்க் குன்றுகளில் கருங்கல்லை நொறுக்கி எடுக்கும் எம்-சாண்ட் பிடித்திருக்கிறது. சோழன் கண்ணெட்டாத தொலைவிலிருந்து இழுத்துவந்த கல், பொடியாகி லாரியில் கிழக்கே போகிறது. சுண்ணாம்பு எடுத்த பள்ளங்கள் அரியலூரைச் சுற்றிக் குளங்களாக நிற்கின்றன.

ஏழைகளின் வீட்டுக்கு அரசு வகுத்த தொகையின் வரலாறும் இதே மாற்றத்தைக் காட்டுகிறது. குடிசைகளை அகற்றிக் கான்கிரீட் வீடு தரும் நோக்கில் 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம் ஒரு வீட்டுக்கு முதலில் 60,000 ரூபாயும் பிறகு 75,000 ரூபாயும் தந்தது. 2011இல் வந்த பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடிக்கு 1.80 இலட்சம் ஒதுக்கியது; 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடிக்கு 3.50 இலட்சம் தருகிறது. சதுர அடிக்கு வகுத்தால் 2011இல் 600 ரூபாய், 2024இல் ஏறத்தாழ 970 ரூபாய். கடைசித் திட்டத்தின் ஒரு கூறு கவனிக்கத்தக்கது: 360 சதுர அடியில் 300க்கு மட்டுமே கான்கிரீட் தளம் கட்டாயம், எஞ்சிய 60 சதுர அடியைத் தீப்பற்றாத வேறு கூரையால் பயனாளி தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். குடிசையோடு ஒழிந்ததாக எண்ணப்பட்ட சாய்ப்பு, அரசாணையின் வழியாகவே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. அதைப் பழைய முறைப்படி தனித் தூணில் நிறுத்தி, தளத்தோடு பிணைக்காமல் விடுபவர் விரிசலுக்குத் தப்புவார்.

திரும்பி வராதது கடைக்காலைப் பற்றிய எண்ணம். ஆண்டிமடத்துச் செம்மண்ணில் கட்டினாலும் குன்னத்துக் கரிசலில் கட்டினாலும் தொகை அதே 3.50 இலட்சம்தான்.